சத்தியம் செய்யாத வீடு

"அத்தனை பேரும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தா, யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

ஒன்பது வயதில் மிம்பா கேட்ட கேள்வி அது. 'நண்பர்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட சபையாரின் கூடுகை வீட்டுச் சன்னல் வழியாக வெகுநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், தமாரிஸ் வெளியே வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க. கடவுள் நம்ம மனசுக்குள்ள பேசுவாரு. அதுக்குக் காத்திருப்போம்."

"அவரு பேசலைன்னா?"

"எழுந்து வீட்டுக்குப் போவோம்."

மிம்பா விழுந்து விழுந்து சிரித்தாள். இருவருக்கும் ஒரே வயது. தமாரிஸ் வெல்பி தோட்டத்து முதலாளியின் மகள். மிம்பா அந்தத் தோட்டத்துக்குச் சொந்தமான அடிமைகளில் ஒருத்தி. அந்த வித்தியாசம் அப்போது தமாரிஸுக்கு உறைக்கவில்லை. மிம்பாவுக்கு உறைத்திருந்தது.

இப்போது இருவருக்கும் இருபத்துநாலு.

தமாரிஸின் அப்பா எனோக் வெல்பியை மண்ணில் வைத்து ஒரு மாதம் ஆகிறது. காய்ச்சல் முற்றிய அன்று பிற்பகல் அவர் கண்ணைத் திறந்து, தெளிவான குரலில் சொன்னார்: "மிம்பாவையும் அவ பொண்ணையும் விட்டுடுங்க. அவங்க இனிமே யாருக்கும் சொந்தமில்ல." அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். மகன் ஜோத்தம். மகள் தமாரிஸ்.

நல்ல நாளிலேயே அதை எழுதி வைத்திருக்கலாம். ஆனால் எனோக் வெல்பி காத்திருந்தார். இந்த டோர்ட்டோலா தீவில் நண்பர்கள் எதையும் கை தூக்கி எண்ணி முடிவு செய்வதில்லை. எல்லா மனமும் ஒன்றாகும்வரை பொறுப்பார்கள். ஆட்களை விடுதலை செய்யலாமா என்ற பேச்சு கூடுகையில் வருஷா வருஷம் வரும். வருஷா வருஷம் யாராவது ஒருவர் எழுந்து, "இன்னும் கொஞ்சம் காத்திருப்போம்" என்பார். அதோடு எல்லாரும் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். ஒருமனப்பட்ட பிறகு எழுதலாம் என்றிருந்தவர், எழுதாமலே போய்விட்டார்.

வாயால் சொன்ன உயிலும் செல்லும் என்கிறது தீவின் சட்டம். அதைக் கேட்ட ஒருவர், வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, அதை முத்தமிட்டு, சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

நண்பர்கள் சத்தியம் செய்வதில்லை.

வழக்கு விசாரணைக்கு வரும் வியாழக்கிழமை காலை, நண்பர்கள் கணக்கில் ஐந்தாம் நாள், ஜோத்தம் மேஜையில் உட்கார்ந்து மரவள்ளி ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தான். தமாரிஸ் துணிக்குல்லாயின் நாடாவைக் கட்டியபடி உள்ளே வந்தாள்.

"போகத்தான் போறியா?" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"போறேன் அண்ணா."

"போய்?"

"அப்பா சொன்னதைச் சொல்லுவேன்."

"சும்மா சொன்னா அங்க ஒருத்தன் காதுலயும் ஏறாது. சத்தியம் பண்ணிச் சொன்னா கூடுகையில உன் பேரை எடுத்துடுவாங்க. காலெப் வீட்டுல கல்யாணத்தைப் பத்தி என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே விட்டுடலாமே. அப்பா சொன்னது உனக்கும் கேட்டுதே."

"கேட்டுது. கேக்கலைன்னு யார்கிட்டயாவது சொன்னேனா?"

சொல்லவில்லைதான். ஜோத்தம் பொய் சொல்லமாட்டான். பருத்திப் பொதியில் ஈரம் வைத்து எடை கூட்டியவன் இல்லை. துறைமுகத்தில் அவன் வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கு ஏற்றுவார்கள். அதுதான் தமாரிஸுக்குத் தாங்கவில்லை. அவன் ஒரு அயோக்கியனாக இருந்திருந்தால் சண்டை போடுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஜுரத்துல ஒரு மனுஷன் சொன்னதுக்காக நான் தோட்டத்தைக் கலைக்க முடியாது, தமாரிஸ். சட்டம் சொல்லட்டும். விடுன்னு சொன்னா இந்த ரொட்டியைக்கூட முடிக்காம எழுந்து விட்டுடுவேன். விடவேண்டாம்னா அவ செயின்ட் குரோய் தீவுக்குப் போறா. உன் அண்ணி ப்ரிசில்லாவோட அண்ணனுக்கு அவளை விக்கறதா வாக்குக் குடுத்திருக்கேன். வாக்குன்னா நமக்கு வாக்குதான்."

"அப்பாவோட வாக்கு?"

"அது அவரு குடுத்தது."

"பீபா?"

"குழந்தை இங்கயே இருக்கும். நல்லாத்தான் வெச்சுப்போம்."

மிம்பாவின் நான்கு வயது மகள் பீபா அந்த நேரம் சமையல்கட்டு வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு சன்னல் வழியாக உள்ளே வந்தது. ஜோத்தம் எழுந்து சன்னல் கதவைச் சாத்தினான். காற்று அதிகமாக இருக்கிறது என்றான்.

ஜோத்தம் குதிரையில் முன்னால் போனான். கடலோரப் பாதையில் கோவேறு கழுதை வண்டியைத் தமாரிஸ் ஓட்டினாள். பக்கத்தில் மிம்பா, மடியில் பீபா. வண்டியில் வைத்துத்தான் மிம்பாவைக் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்து சொல்லியிருந்தான். எந்தப் பொருளைப் பற்றிய வழக்கோ, அந்தப் பொருள் அங்கே இருக்கவேண்டுமாம்.

பாதி வழி வந்திருந்தார்கள். மிம்பா கேட்டாள்.

"சத்தியம் பண்ணுவியா, மாட்டியா?"

"பண்ணுவேன்."

"எப்போ முடிவு பண்ணினே?"

"ராத்திரி."

"அப்புறம் ஏன் கழுதையை இவ்வளவு மெதுவா ஓட்டறே?"

தமாரிஸ் கடிவாளத்தைச் சுண்டினாள். "எங்க தாத்தா பார்படாஸ்ல ஒரு வருஷம் ஜெயில்ல கெடந்தாரு. சத்தியம் பண்ண மாட்டேன்னு சொன்னதுக்காக. எங்க வீட்டுல யாரும் இதுவரைக்கும் அந்தப் புத்தகத்து மேல அப்படிக் கை வெச்சதில்ல. உனக்குப் புரியுமான்னு தெரியல."

"புரியுது. அவரு ஒரு வருஷம் கெடந்தாரு. அப்புறம் வெளிய வந்துட்டாரு இல்ல?"

தமாரிஸ் பாதையைப் பார்த்து ஓட்டினாள்.

"நான் உன்னைத் திட்டல," என்றாள் மிம்பா. "உங்க வீட்டுல நான் ஒரு விஷயத்துல நல்லாவே இருந்தேன். எல்லாரும் எல்லாரையும் 'நீ'ன்னுதான் கூப்பிடணும்னு உங்க அப்பா சொன்னாரு. என்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னாரு. பக்கத்துத் தோட்டத்துல எஜமானைப் பாத்து 'நீ'ன்னு சொன்னா தோலை உரிச்சிடுவான். நான் உங்க அண்ணனையே 'நீ'ங்கறேன். அது ஒண்ணுதான் உங்ககிட்டேருந்து எனக்குச் சமமாக் கெடச்சுது."

"மிம்பா..."

"சரி விடு. உன் மாப்பிள்ளை என்ன சொல்றான்?"

"அவன்கிட்ட சொல்லல."

"கல்யாணத்தன்னிக்காவது பேசுவீங்களா? இல்ல, ரெண்டு பேரும் உக்காந்து கடவுள் சொல்லட்டும்னு பாத்துட்டே இருப்பீங்களா? முதலிரவு விடிஞ்சிரும்!"

தமாரிஸால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிம்பாவும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் பீபாவும் கை கொட்டிச் சிரித்தாள். முன்னால் போன ஜோத்தம் திரும்பிப் பார்த்தான்.

சிரிப்பு அடங்கியதும் மிம்பா குழந்தையின் தலையில் முகவாயை வைத்துக்கொண்டாள்.

"தமாரிஸ், எனக்கு ஒண்ணுதான் வேணும். இவளை என்கிட்டேருந்து எடுக்கக் கூடாது. மத்தபடி கரும்பு வெட்டச் சொன்னாலும் வெட்டறேன், கல்லு உடைக்கச் சொன்னாலும் உடைக்கறேன். நீ அங்க போய் நின்னதும் யோசிக்காதே. யோசிக்கறவங்களால எனக்கு இதுவரைக்கும் ஒரு நல்லதும் நடந்ததில்ல."

"யோசிக்க மாட்டேன்," என்றாள் தமாரிஸ்.

ஊரில் மன்றத்துக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. ரம் வியாபாரம் நடக்கும் கடையின் மாடியில்தான் நீதிபதி உட்காருவார். கீழே பீப்பாய் உருட்டும் சத்தத்தில் மாடியின் பலகைகள் அதிரும். அன்றைக்கு அங்கே சர்க்கரைப் பாகும் வியர்வையும் கலந்த வாசனை. சன்னலோரம் பத்துப் பதினைந்து தோட்ட முதலாளிகள். நண்பர்களும் சிலர் வந்திருந்தார்கள், சாம்பல் நிற உடையில், ஒரே வரிசையில். மிம்பாவை உள்ளே விடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் மேல்படியில் நின்றாள். கதவு திறந்தே இருந்தது.

ஜோத்தம் தொப்பியோடு உள்ளே போனான். மனிதன் முன்னால் தொப்பியைக் கழற்றுவது நண்பர்களுக்கு வழக்கமில்லை. காவலாளி வந்து, பழகிப்போன அலுப்போடு, அதைத் தலையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினான். இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நீதிபதி கிராஞ்சரும் ஒரு தோட்ட முதலாளிதான். பருத்த உடம்பு, காலில் வாதம். ஒரு காலை முக்காலியில் நீட்டி வைத்திருந்தார்.

"ஜார்ஜ் மன்னர் பேரால மன்றம் கூடுது," என்றான் எழுத்தர்.

"யாருப்பா இது? எனோக் வெல்பி பொண்ணா?" என்றார் நீதிபதி.

"ஆமா. நான் சொல்றதை நீ கேக்கணும்," என்றாள் தமாரிஸ்.

அறையில் கிசுகிசுப்பு எழுந்தது.

"'நீ'ங்குதே இந்தப் பொண்ணு!" என்றார் நீதிபதி.

"இவங்க ஆளுநரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க ஐயா," என்றான் எழுத்தர். "கடவுளையும் அப்படித்தான்."

"அப்போ எனக்குக் கௌரவம்தான்." சிரிப்பு ஓய்ந்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. "உங்க அப்பா நல்ல மனுஷன். சொல்லும்மா. இல்ல, இரு. முதல்ல உங்க அண்ணன். ஜோத்தம் வெல்பி, உங்க அப்பா அப்படிச் சொன்னாரா?"

"சொன்னாரு," என்றான் ஜோத்தம்.

எழுத்தரின் பேனா நின்றது.

"சத்தியமா?"

"நான் சத்தியம் பண்றதில்ல. நீ கேட்டே, நான் உண்மையைச் சொன்னேன்."

நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாருங்கப்பா. இந்த மாடியில இருக்கற எல்லாருக்கும் இவன் உண்மைதான் சொல்றான்னு தெரியும். எனக்கும் தெரியும். நேத்து அந்த மூலையில ஒருத்தன் புத்தகத்தை முத்தமிட்டு வாய் கூசாம பொய் சொன்னான், அதை எழுதிக்கிட்டோம். இவன் சொன்னதை எழுத முடியாது. நான் என்ன செய்ய? புத்தகத்தைத் தொட்டாத்தான் இந்தச் சட்டத்துக்குக் காது திறக்கும்." அவர் தமாரிஸைப் பார்த்தார். "நீ தொடுவியா அம்மா?"

சாம்பல் நிற வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"தொடுவேன்," என்றாள் தமாரிஸ்.

ஜோத்தம் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. தங்கைக்காகப் பயந்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அது அவளை இன்னும் பலவீனப்படுத்தியது.

மேஜையருகே போனாள். புத்தகம் கறுப்புத் தோல் அட்டை போட்டது. எத்தனையோ உதடுகள் பட்டு நடுவில் பளபளப்பேறியிருந்தது. இதே புத்தகம்தான் வீட்டிலும் இருக்கிறது. அம்மா இருந்தவரை தினமும் வாசிப்பாள். வாசித்து முடித்ததும் மூடிவைத்துவிட்டுச் சொல்வாள்: பெரிய வார்த்தை ஏதாவது சொல்லணும்னா அவசரப்படாதே, அது தானா மேல வரட்டும், நீயா இழுத்தா அது உன்னோட வார்த்தை, தானா வந்தா அவரோடது.

தமாரிஸ் கண்ணை மூடினாள்.

யோசிக்கவில்லை. யோசிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் செய்தது, நினைவு தெரிந்த நாளாக ஒவ்வொரு முதல் நாளும், ஒவ்வொரு ஐந்தாம் நாளும் கூடுகையில் செய்து வந்தது. உள்ளே இறங்கினாள். கடவுளே, நீ வேண்டாம் என்று சொன்னதை நான் செய்யப்போகிறேன். வேண்டாமென்றால் இப்போதே என்னை நிறுத்து. செய் என்றால் செய் என்று சொல். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கீழே பீப்பாய் உருண்டது. யாரோ இருமினார்கள். எங்கேயோ தூரத்தில் ஒரு குரல், "கையை வை அம்மா" என்றது. கூடுகையில் ஒருவர் கண்மூடி நின்றால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். அரை மணி நேரம் ஆனாலும் காத்திருப்பார்கள். காத்திருப்பதுதான் மரியாதை. சாம்பல் நிற வரிசையும் இப்போது அவளோடு கண்ணை மூடிக்கொண்டது. ஜோத்தமும் மூடிக்கொண்டான். அந்த அறையில் பாதிப்பேர் மௌனத்துக்குள் இறங்கினார்கள். மீதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இந்தாம்மா, கேக்குதா?" என்றது அந்தக் குரல். பிறகு இன்னொரு முறை ஏதோ சொன்னது.

மெதுவாக, மிக மெதுவாக, அவளுக்குள் எல்லாச் சத்தமும் அடங்கியது. அடியாழத்திலிருந்து ஒரு தெளிவு எழுந்து வந்தது. இதற்கு முன் எந்தக் கூடுகையிலும் அவளுக்கு அப்படி வந்ததில்லை. எழுந்து பேசாத பெண் அவள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குள் யாரும் பேசியதில்லை. இன்று பேசியது. செய் என்றது.

கண்ணைத் திறந்து, கையை நீட்டினாள்.

மேஜையில் புத்தகம் இல்லை.

எழுத்தர் அதை எடுத்து அலமாரியில் வைத்திருந்தான். அவள் பக்கத்தில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். ஆட்டுக்கு வேலி போடாத வழக்கில் வந்தவன். அவனிடம் நீதிபதி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றேன்," என்றாள் தமாரிஸ்.

"முடிஞ்சுது அம்மா. தள்ளி நில்லு."

"நான் சத்தியம் பண்றேன். புத்தகத்தைக் குடு."

"மூணு தடவை கேட்டேன். நீ வாயைத் திறக்கல. மறுத்துட்டாள்னு எழுதிட்டோம்."

"நான் மறுக்கல! காத்திருந்தேன்."

நீதிபதி எரிச்சலோடு நிமிர்ந்தார். ஆனாலும் அவர் கேட்டது உண்மையான வியப்போடுதான்.

"யாருக்கு?"

சன்னலோரம் சிரித்தார்கள். தமாரிஸுக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை அங்கே, அந்த ரம் கடை மாடியில், ஆட்டுக்காரனுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வாய் வரவில்லை.

"உங்க அண்ணனே மனசு வெச்சா விடலாம்," என்றார் நீதிபதி, குரலைத் தாழ்த்தி. "அதுக்குப் புத்தகமே வேண்டாம். அவனைக் கட்டாயப்படுத்தச் சொல்லி என்கிட்ட கேக்காதே. ஜோத்தம் வெல்பி, இங்க வா, அந்தப் பொம்பளையையும் குழந்தையையும் உன் பேருக்கு மாத்தி எழுதினதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

ஜோத்தம் அவளைக் கடந்து போனான். போகும்போது அவள் தோளை மெல்லத் தொட்டான்.

"கடவுள் உன்னைக் காப்பாத்தினாரு," என்றான். மனதாரத்தான் சொன்னான்.

தமாரிஸ் திரும்பிப் படியைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. படியில் யாருமில்லை.

இறங்கி ஓடினாள். கடைக்கு எதிரே புளியமரத்தடியில் அவர்கள் வண்டி நின்றது. மிம்பா வண்டியின் அந்தப் பக்கம் இருந்தாள். பீபாவின் முகத்தை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, மூக்கு, வாய், காதுக்குப் பின்னால் என்று.

"மிம்பா, நான் சொல்லத்தான் போனேன். சத்தியமா... நான் சொன்னேன், அவங்க கேக்கல. கொஞ்சம் முன்னாடி... மிம்பா, இன்னும் வழி இருக்கு. காலெப்கிட்ட சொல்றேன், கூடுகையில எழுந்து பேசறேன், அடுத்த கூடுகை வரைக்கும் அண்ணனைப் பொறுக்கச் சொல்றேன்..."

மிம்பா துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"குழந்தையை என்கிட்ட குடு. நீ வண்டியில ஏறு," என்று தமாரிஸ் கைகளை நீட்டினாள். தினமும் நீட்டுகிற கைகள்தான். பீபாவும் வழக்கம்போல அவள் பக்கம் சாய்ந்தாள்.

மிம்பா குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

தமாரிஸின் முகத்தை அவள் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தமாரிஸ் அழுதிருப்பாள். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைத் தேடிவிட்டு, இது அவளில்லை என்று தெரிந்துகொண்டவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு நடந்தாள். வண்டியைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, தோட்டத்துக்குப் போகும் பாதையைவிட்டு இறங்கினாள். கீழே மணலில் ஆமை பிடிப்பவர்களின் படகுகள் கிடந்தன. ஒரு படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படகுகள் சில நேரம் மேற்கே, வேறொரு மன்னர் ஆளும் போர்ட்டோ ரிக்கோ வரை போகும். அங்கே ஓடிப்போன அடிமைகள் யாரும் திரும்பி வந்ததில்லை. திருப்பி அனுப்பப்பட்டதும் இல்லை. தோட்டங்களில் அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

மாடியில் ஜோத்தமின் குரல் கேட்டது. எங்கே கையெழுத்து என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தாயின் தோளுக்கு மேலாகப் பீபா தமாரிஸைப் பார்த்துக் கையசைத்தாள். மிம்பா திரும்பிப் பார்க்கவில்லை. சுடுமணலில் அவசரமில்லாமல் நடந்து, படகுகளுக்கு நடுவே மறைந்துபோனாள்.